காட்டிலினா சதியும் அதை எழுதியவர்களும்

(சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. எழுதித் தரும்போது சில இடங்களைக் கூட்டியும் சில இடங்களைக் குறைத்தும் இருக்கிறேன்.)



போன மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கிற நம் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணே, ரோமாபுரியைக் கொளுத்தத் திட்டம் போட்ட காட்டிலினா என்கிற சதிகாரனை சிசரோ பேசியே ஊரைவிட்டு விரட்டினார் என்று பாடத்தில் வருகிறது. உண்மைதானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது தம்பி, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தக் கடனைத்தான் இன்று அடைக்க வந்திருக்கிறேன்.

நான் மெட்ரிக் வரை படித்தவன். லத்தீனில் ஒரு சொல் தெரியாது. ஃபவுண்டன் நடைபாதையில் வாங்கிய பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளை, இரவு டியூட்டியில் வண்டி வராத நேரத்தில், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பண்டிதர் படிக்கிற மாதிரி அல்ல, ஒரு குமாஸ்தா ஃபைலைப் படிக்கிற மாதிரி. ஃபைலில் நாங்கள் முதலில் என்ன பார்ப்போம்? யார் எழுதியது, எந்தத் தேதியில் எழுதியது, உள்ளே யாருடைய கடிதம் இருக்கிறது, யாருடையது இல்லை. இந்த ஃபைலில் குற்றம் சாட்டியவருடைய பேச்சு நான்கு இருக்கிறது. குற்றவாளி என்று சொல்லப்பட்டவன் தன் கையால் எழுதியது என்று நம்பக்கூடியது ஒரே ஒரு கடிதம். அதுவும் எதிர்த்தரப்புக்காரர் ஒருவருடைய புத்தகத்துக்குள் இருப்பதால்தான் தப்பியது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அலுவலகத்தில், பெயர் இங்கே வேண்டாம், குடிதண்ணீர்க் குழாய் கேட்டு ஏழு பேர் ஒன்றாகப் போய் அதிகாரியைப் பார்த்தோம். மறுவாரம் எனக்கு சார்ஜ் மெமோ வந்தது. "முன்கூட்டியே சதி செய்து கூட்டம் சேர்த்தார்" என்று அதில் இருந்தது. நான் நான்கு பக்கம் பதில் எழுதினேன். விசாரணை அறிக்கையில் என் நான்கு பக்கமும் "விளக்கம் திருப்திகரமாக இல்லை" என்று ஒரே வரியாகிவிட்டது. இன்று அந்த ஃபைலை எடுத்துப் படிக்கிறவனுக்கு நான் சதிகாரன்தான். தண்ணீர்க் குழாய் என்ற சொல்லே அதில் கிடையாது. அந்த நாளிலிருந்து, சதி என்று எங்கே எழுதியிருந்தாலும், எழுதியவர் யார் என்று பார்க்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கி.மு. 63. ரோமில் மன்னர் கிடையாது, குடியரசு. ஆண்டுக்கு இரண்டு கான்சல்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள்தான் தலைமை அதிகாரிகள். அந்த ஆண்டு கான்சல் மார்க்குஸ் துல்லியுஸ் சிசரோ, பெரிய வக்கீல், வாயைத் திறந்தால் எதிராளி நடுங்குவான். கூட இருந்த இன்னொரு கான்சல் காயுஸ் அந்தோனியுஸ். தோற்றுப்போன வேட்பாளர் லூக்கியுஸ் செர்கியுஸ் காட்டிலினா. பழைய உயர்குடி, ஆனால் நொடித்துப்போன குடும்பம். முந்தின ஆண்டு நடந்த தேர்தலில் சிசரோவிடம் தோற்றார். 63-ல் மறுபடியும் நின்று மறுபடியும் தோற்றார். இரண்டாவது முறை அவர் முன்வைத்த கோஷம் கடன் தள்ளுபடி.

இந்தக் கடன் விஷயத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். கடன் என்றால் நமக்கு அகராதி பார்க்க வேண்டியதில்லை. நம்மில் பலர் ஊரில் ரயிலேறியதே வட்டிக்காரனுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான். ரோமிலும் அப்படித்தான். கி.மு. 89-ல் அசெல்லியோ என்று ஒரு நீதி அதிகாரி, வட்டிக்கு எதிரான பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக் கடன்காரர்களுக்கு வழக்காட இடம் கொடுத்தார். வட்டிக்கு விடுகிறவர்கள் திரண்டு வந்து, நகரத்தின் நடு மன்றத்தில், அவர் பலியிட்டுப் பூசை செய்துகொண்டிருந்த நேரத்திலேயே அவரைக் கொன்றுபோட்டார்கள். கொன்றவனைக் காட்டிக்கொடுத்தால் பரிசு என்று செனட் அறிவித்தது. ஒருவன்கூட வாய் திறக்கவில்லை. அந்தக் கொலையைச் சதி என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று ஆண்டு கழித்து, கி.மு. 86-ல், ஃபிளாக்குஸ் என்கிற கான்சல், கடனில் நாலில் ஒரு பங்கு கட்டினால் போதும் என்று சட்டமே போட்டார். ஆக, கடன் தள்ளுபடி என்பது காட்டிலினா திடீரென்று கண்டுபிடித்த பைத்தியக்காரத்தனம் அல்ல. அவருக்கு முன்னாலேயே ரோமின் சட்டத்தில் நடந்திருக்கிறது.

பிறகு உள்நாட்டுப் போர். சுல்லா என்கிற சர்வாதிகாரி எதிரிகளின் நிலத்தையெல்லாம் பிடுங்கித் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்தார். நிலத்தை இழந்த விவசாயி ஒரு பக்கம் நடுத்தெருவில். நிலம் பெற்ற சிப்பாய்க்கோ ஏர் பிடிக்கத் தெரியாது, அவனும் கடன்பட்டு நடுத்தெருவில். அடித்தவனும் அடிபட்டவனும் இருபது ஆண்டில் ஒரே வட்டிக்காரனுடைய வாசலில் நின்றார்கள். எத்ரூரியா என்கிற வடக்குப் பிரதேசத்தில் இவர்களைத் திரட்டியவர் மான்லியுஸ், சுல்லாவின் பழைய படையதிகாரி. அவர் எதிர்த்து வந்த தளபதிக்கு அனுப்பியதாக ஒரு செய்தி இருக்கிறது. நாங்கள் நாட்டுக்கு எதிராக ஆயுதம் எடுக்கவில்லை, வட்டிக்காரரின் கொடுமையில் நிலமும் போய்ப் பேரும் போய்விட்டது, உடம்பையாவது சிறைக்குத் தப்ப வைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். வார்த்தைகள் மான்லியுஸுடையவையா, அதை எழுதி வைத்தவருடையவையா என்பதில் சந்தேகம் உண்டு. சங்கடம் உண்மை என்பதில் சந்தேகமில்லை.

இதற்கும் முன்னால், 63 ஜனவரியிலேயே, ரூல்லுஸ் என்கிற மக்கள் பிரதிநிதி, ஏழைகளுக்கு அரசு நிலம் வாங்கிப் பங்கிட ஒரு மசோதா கொண்டுவந்தார். அதைத் தோற்கடித்தவரும் சிசரோதான். எப்படித் தோற்கடித்தார் தெரியுமா? நகரத்து ஏழைகளை வடித்து வெளியேற்ற வேண்டும் என்று ரூல்லுஸ் செனட்டில் பேசிவிட்டாராம். சிசரோ மக்கள் முன்னால் வந்து, உங்களைப் போன்ற நல்ல குடிமக்களைக் கப்பல் அடித்தட்டில் தேங்குகிற அழுக்குத் தண்ணீர் என்று நினைத்தா இவர் பேசுகிறார் என்று கொதித்தார். மக்கள் கைதட்டியிருப்பார்கள். நானும் அங்கே இருந்திருந்தால் தட்டியிருப்பேன். அதே ஆண்டு நவம்பரில், காட்டிலினாவோடு போகிறவர்களை அதே அடித்தட்டுத் தண்ணீர் என்று அவரே சொன்னார். மூன்று ஆண்டு கழித்து இன்னொரு நில மசோதா வந்தபோது, தன் ஆருயிர் நண்பர் அட்டிக்குஸுக்கு எழுதிய கடிதத்தில், நகரத்தின் இந்த அழுக்கை வடித்துவிட இது நல்ல வழி என்கிறார். மேடையில் ஒன்று, கடிதத்தில் ஒன்று. கடிதம் வெளியே வரும் என்று அவர் நினைக்கவில்லை.

இனி சதிக்கு வருவோம். பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் கிராசுஸ் என்கிற பெரும் பணக்காரர் வீட்டில், ஊரில் படுகொலை நடக்கப்போகிறது என்று பெயரில்லாத கடிதங்கள் வந்து விழுகின்றன. செனட் அவசரநிலை அறிவிக்கிறது. வடக்கே மான்லியுஸ் ஆயுதம் எடுக்கிறார். நவம்பர் 7 காலையில் சிசரோவைக் கொல்ல ஆள் வந்தது என்கிறார்கள். அதை அடுத்து யூப்பிட்டர் கோவிலில் செனட்டைக் கூட்டி, காட்டிலினாவை முன்னால் வைத்துக்கொண்டே சிசரோ பேசுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து விலகிப் போனார்கள். அன்று இரவே காட்டிலினா ஊரைவிட்டுப் போனார்.

இதில் ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்குப் படுவது வேறு. காட்டிலினாவின் மேல் ஏற்கனவே வன்முறை வழக்கு ஒன்று போடப்பட்டிருந்தது. தன்னை வீட்டுக் காவலில் வைத்துக்கொள்ளும்படி அவரே முன்வந்தார். லெப்பிடுஸ் வீட்டில் கேட்டார், சிசரோ வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். சிசரோ மறுத்தார். இதை நமக்குச் சொல்பவர் வேறு யாருமல்ல, சிசரோதான், கேலியாகச் சொல்கிறார். கையில் சாட்சியம் இருந்தால் கான்சல் ஏன் கைது செய்யவில்லை? ஏன் ஊரைவிட்டுப் போ, போ என்று விரட்டினார்? அவர் சொல்லும் காரணம், போனால்தான் எல்லாருக்கும் இவன் சதிகாரன் என்று விளங்கும் என்பது. நல்ல நியாயம்! துரத்திவிட்டு, ஓடினான் பார் என்று காட்டுவது.

அந்தப் பேச்சு நம் கையில் இருப்பது எப்படி? பேசியது 63-ல். அதைத் தொகுத்துப் பிரதி எடுத்து வெளியிட ஏற்பாடு செய்தது 60-ல். அதுவும் அவர் கடிதத்திலிருந்தே தெரிகிறது. நடுவில் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டில் அவர் தலைமேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. என்ன கத்தி என்று பிறகு சொல்கிறேன். நடந்ததை அப்படியே எழுதினாரா, நடந்திருக்க வேண்டியதை எழுதினாரா? நான் இன்று உங்கள் முன்னால் தடுமாறிப் பேசுவதைப் பத்திரிகைக்குத் தரும்போது திருத்தித்தானே தருவேன். சிசரோவும் மனிதர்.

இன்னொரு பழைய கடிதம். கி.மு. 65-ல், ஆப்பிரிக்க மாகாணத்தில் கொள்ளையடித்ததாகக் காட்டிலினா மேல் வழக்கு. அப்போது சிசரோ எழுதுகிறார்: காட்டிலினாவுக்காக நானே வாதாடலாமா என்று யோசிக்கிறேன், நமக்கு வேண்டிய நடுவர்கள் வாய்த்திருக்கிறார்கள், வழக்குப் போட்டவரும் அனுசரணையாக இருக்கிறார், விடுதலையானால் தேர்தலில் ஒத்துழைப்பான். அடுத்த ஆண்டு ஒத்துழைக்கவில்லை, எதிராக நின்றான். உடனே கொலைகாரன், கொள்ளைக்காரன், கற்பழித்தவன் என்று சிசரோ பேசினார். ஓராண்டில் பாவம் கூடிவிட்டதா, பயன் குறைந்துவிட்டதா?

இப்போது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் வருகிறார்கள். அல்லோப்ரோகர் என்று ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் வாழ்ந்த ஒரு காலிய இனம். ரோமுக்குக் கட்டுப்பட்டவர்கள். ரோம அதிகாரிகளும் வட்டிக்காரர்களும் உறிஞ்சிக் கடனில் மூழ்கிப்போனவர்கள். கடனைக் குறையுங்கள் என்று மனு கொடுக்கத் தூதர்களை ரோமுக்கு அனுப்பியிருந்தார்கள். மொழி வேறு, உடை வேறு, வாசல் வாசலாக மனுவோடு நிற்கிறார்கள். செனட் காது கொடுக்கவில்லை. நம்மில் ரேஷன் கார்டுக்கு நின்றவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும்.

நகரத்தில் தங்கிவிட்ட சதிகாரர்களின் தலைவர் லெந்துலுஸ், ஒரு முன்னாள் கான்சல், இவர்களிடம் ஆள் அனுப்பி, எங்களுக்குக் குதிரைப்படை கொடுங்கள், உங்கள் கடன் தீரும் என்றார். தூதர்கள் யோசித்தார்கள். ஒரு பக்கம் கடன், போர் ஆசை. மறு பக்கம் ரோமின் பலம், நிச்சயமான பரிசு. போய்த் தங்கள் ரோமப் புரவலரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் சிசரோவிடம் சொன்னார். சம்மதிப்பது போல நடித்து எழுத்தில் வாங்கிவாருங்கள் என்று சிசரோ அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சதிகாரர்களும் முத்திரை வைத்து எழுதிக் கொடுத்தார்கள். சதி செய்கிறவன் கையெழுத்துப் போட்டா கொடுப்பான்? அவ்வளவு புத்திசாலிகள். டிசம்பர் 2 இரவு, ரோமுக்கு வெளியே முல்வியப் பாலத்தில், ஃபிளாக்குஸ், பொம்ப்தீனுஸ் என்கிற இரண்டு அதிகாரிகள் மறைந்திருந்து தூதர்களைக் கடிதத்தோடு பிடித்தார்கள். இந்த ஃபிளாக்குஸ் யார்? கடனில் முக்கால் பங்கைத் தள்ளிய அந்தக் கான்சலின் மகன். அப்பா சட்டத்தால் செய்ததை வேறொருவன் வாளால் செய்யப் பார்த்தபோது பிடித்தவர் மகன்.

மறுநாள் செனட்டில் விசாரணை. வோல்ட்டூர்க்கியுஸ் என்பவன், மன்னிப்பு உறுதி வாங்கிக்கொண்டு அப்ரூவராகிச் சொன்னான். ஊரைப் பல இடத்தில் கொளுத்துவது, செனட்டர்களைக் கொல்வது என்று திட்டமாம். கேத்தேகுஸ் என்பவர் வீட்டில் கத்திகள் அகப்பட்டன. நல்ல இரும்பு சேர்ப்பது எனக்கு எப்போதும் ஆசை என்றார் அவர். பாவம், அதைவிட நல்ல பதில் அவருக்குக் கிடைக்கவில்லை. அன்று மாலையே சிசரோ மக்கள் முன் போய்த் தீ வைக்கும் திட்டத்தைச் சொன்னார். அதுவரை காட்டிலினா பக்கம் சாய்ந்திருந்த ஏழை மக்கள் அந்த ஒரு சொல்லில் திரும்பிவிட்டார்கள். காரணம், அவர்களிடம் இருந்ததெல்லாம் அன்றாடம் உடுத்துகிற துணியும் புழங்குகிற சாமானும்தான். பணக்காரனுக்கு ஊரில் ஒரு மாளிகை எரிந்தால் மலையில் ஒன்று இருக்கும். நெருக்கிக் கட்டிய குடியிருப்பில் ஒரு வீட்டில் பற்றினால் என்ன ஆகும் என்று நம் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். கொள்ளையைப் பொறுப்பான் ஏழை, நெருப்பைப் பொறுக்கமாட்டான். அது சிசரோவுக்குத் தெரிந்திருந்தது. தீத்திட்டம் உண்மையாகவே இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அதைவிட மடத்தனம் வேறில்லை.

குறிப்பேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய வாக்குமூலங்களை எழுத செனட்டர்கள் சிலரைச் சிசரோவே நியமித்தார். பிறகு பல எழுத்தர்களை வைத்துப் பிரதி எடுத்து இத்தாலி முழுவதும் பரப்பினார். அடுத்த ஆண்டே ஒரு வழக்கில் தொர்க்குவாத்துஸ் என்பவர், அரசுக் குறிப்பேட்டையே நீ திருத்திவிட்டாய் என்று சிசரோவைப் பார்த்து மன்றத்தில் சொன்னார். திருத்தினாரா இல்லையா, தீர்மானிக்க முடியாது. மறுப்பும் அவருடையது, மறுப்பைப் பதிவு செய்ததும் அவர்.

டிசம்பர் 5. பிடிபட்டவர்களை என்ன செய்வது? ரோமக் குடிமகனை மக்கள் தீர்ப்பில்லாமல் கொல்லக்கூடாது என்று கி.மு. 123-லேயே காயுஸ் கிராக்குஸ் சட்டம் போட்டிருக்கிறார். சீசர் எழுந்து, சொத்தைப் பறித்து வெவ்வேறு ஊரில் சிறை வையுங்கள், இன்று கெட்டவனுக்குச் செய்கிற முறைகேடு நாளை நல்லவனுக்கு வரும் என்று வாதாடினார். கேட்டோ எழுந்து கொல்லச் சொன்னார். இவர்கள் எதிரிகள், எதிரிக்கு ஏது குடியுரிமை என்பது சிசரோவின் வாதம். அன்று மாலையே லெந்துலுஸ் உட்பட ஐந்து பேரை நிலவறையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். விசாரணை இல்லை, வக்கீல் இல்லை. வக்கீல்களுக்கெல்லாம் வக்கீல் வெளியே வந்து, அவர்கள் வாழ்ந்து முடிந்தார்கள் என்று இறந்தகாலத்தில் அறிவித்தார்.

தலைமேல் தொங்கிய கத்தி இதுதான். விசாரணையின்றிக் குடிமகனைக் கொன்றவனுக்கு நாடுகடத்தல் என்று கி.மு. 58-ல் குளோடியுஸ் சட்டம் கொண்டுவந்தார். சிசரோ ஓடினார். அவர் வீட்டை இடித்து அந்த இடத்தில் சுதந்திர தேவதைக்குக் கோவில் கட்டினார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தார் என்பது வேறு கதை. ஆக, சதி எவ்வளவு பெரிதாக இருந்ததோ அவ்வளவு அவர் கை சுத்தம். சதி சிறியதாகிவிட்டால் அவர் கொலைகாரர். இந்த நிலையில் இருக்கும் ஒருவர் எழுதியதைத்தான் இரண்டாயிரம் ஆண்டாகப் பாடம் படிக்கிறோம்.

அவர் சும்மாவும் இருக்கவில்லை. தன் கான்சல் ஆண்டைப் பற்றிக் கிரேக்கத்தில் ஒரு நூல் எழுதினார். லத்தீனில் மூன்று பாகத்தில் காவியம் பாடினார். தன்னைப் பற்றித் தானே! கிரேக்க நூலைப் பொசெய்தோனியுஸ் என்கிற அறிஞருக்கு அனுப்பி, இதை வைத்து நீங்கள் நன்றாக எழுதுங்கள் என்றார். படித்த பிறகு எழுதும் துணிவே போய்விட்டது என்று அவர் நழுவிவிட்டார். மரியாதையாக நழுவுவதற்கு அந்தக் கிரேக்கரிடம் பாடம் படிக்கலாம். பிறகு லுக்கேயுஸ் என்கிற வரலாற்று ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில், வரலாற்றின் விதிகளைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, உண்மை அனுமதிப்பதைவிடச் சற்று அதிகமாகவே என்னைப் புகழுங்கள் என்று வெட்கமில்லாமல் கேட்டிருக்கிறார்.

கடன்காரரைத் திட்டியவர் கதையையும் கேளுங்கள். 62-ல் பலத்தீன் குன்றில் 35 லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்து வீடு வாங்கினார். பின்னால் சீசர் சம்பளத்தை இரட்டிப்பாக்கிய பிறகும் ஒரு படைவீரனுக்கு ஆண்டுக்கு 900 செஸ்டர்ஸ்தான். வகுத்துப் பார்த்தேன், 3,800 ஆண்டுச் சம்பளத்துக்கும் மேலே. பணமெல்லாம் கடன். இவ்வளவு கடனில் இருக்கிறேன், யாராவது சேர்த்துக்கொண்டால் நானே ஒரு சதியில் சேர்ந்துவிடுவேன் என்று நண்பருக்கு வேடிக்கையாக எழுதுகிறார். நிலவறையில் நெரித்து ஓராண்டு ஆகியிருக்கிறது, அவருக்கு அது வேடிக்கை. கடைசிக் காலத்தில் மகனுக்கு எழுதிய நூலில், என் ஆட்சியில் இருந்ததுபோல் கடன் என்றும் இருந்ததில்லை, அதைப்போல ஒழுங்காகத் திருப்பிக் கட்டப்பட்டதும் இல்லை, ஏமாற்றலாம் என்ற நம்பிக்கையை அறுத்துவிட்டேன் என்று பெருமைப்படுகிறார். வசூல் அதிகாரியின் வாக்குமூலம் அது. சதியை அடக்கிய கதை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த எழுத்தாளர் சல்லுஸ்ட். சதி நடந்தபோது இருபது வயது கடந்த இளைஞர். சீசர் கட்சிக்காரர். கி.மு. 50-ல் ஒழுக்கக் கேடு என்று செனட்டிலிருந்து நீக்கப்பட்டவர். பிறகு ஆப்பிரிக்காவில் ஆளுநராகி, கொள்ளையடித்தார் என்ற புகாரிலிருந்து சீசர் தயவில் தப்பி, ரோமில் பேர்போன தோட்டம் போட்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்துகொண்டு, பேராசையால் ரோமின் ஒழுக்கம் கெட்டதே இந்தச் சதிக்குக் காரணம் என்று எழுதினார்! சிசரோவுக்குக் காட்டிலினா ஒரு எதிரி. சல்லுஸ்டுக்கு அவர் ஒரு பாடப்பொருள். கெட்டுப்போன உயர்குடிக்கு உதாரணம். அதற்கு வசதியாக, சதிக் கூட்டம் ஆரம்பித்ததை ஓராண்டு முன்னாலேயே, 64-க்கே, கொண்டுபோய்விட்டார். காட்டிலினா தோற்று வெறுத்துப்போன பிறகு ஆயுதம் எடுத்தார் என்றால் அரசியல். பிறவியிலேயே கெட்டவன் என்றால் அரசியல் பேச வேண்டியதில்லை.

சல்லுஸ்டும் நம்மைப் போன்றவர்களை விடவில்லை. கிராமத்தில் கூலி வேலை செய்து பிழைத்த வாலிபர்கள், இலவச தானத்துக்கு ஆசைப்பட்டு நகரத்துக்கு வந்து, உழைப்பைவிடச் சும்மா இருப்பதை விரும்பினார்களாம். கழிவெல்லாம் கப்பல் அடித்தட்டுக்கு வருவதுபோல ரோமுக்கு வந்தார்களாம். சிசரோவின் அதே சொல். கட்சி வேறானாலும் அகராதி ஒன்று.

ஆனாலும் இவரிடம் ஒரு நேர்மை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. மதுவில் மனித ரத்தம் கலந்து சதிகாரர்கள் சத்தியம் செய்தார்கள் என்ற கதையைச் சொல்லிவிட்டு, சிசரோ மேல் வந்த பழியைக் குறைக்கப் பின்னால் கட்டிவிட்டது இது என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கும் போதிய ஆதாரமில்லை என்று எழுதுகிறார். கிராசுஸும் சதியில் உண்டு என்று ஒருவன் செனட்டில் சொன்னதையும் எழுதுகிறார். செனட்டர்களில் பலர் கிராசுஸிடம் கடன் வாங்கியவர்கள். பொய், பொய் என்று கூச்சலிட்டு, சொன்னவனையே உள்ளே தள்ளினார்கள். அவனைத் தூண்டிவிட்டது சிசரோதான் என்று கிராசுஸ் சொல்ல நானே காதால் கேட்டேன் என்கிறார் சல்லுஸ்ட். காட்டிலினாவின் அந்த ஒரே கடிதத்தையும் இவர்தான் காப்பாற்றிக் கொடுத்தார். அதில் காட்டிலினா, என் உழைப்புக்கேற்ற பதவியை எனக்குத் தரவில்லை, அதனால் என் வழக்கப்படி ஏழைகளின் வழக்கைக் கையில் எடுத்தேன், என் மனைவியைக் காப்பாற்றுங்கள் என்று எழுதுகிறார். பதவி முதலில், ஏழை பிறகு. வரிசையைப் பாருங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். சிசரோ பொய்யென்றால் காட்டிலினா தியாகியா? அப்படி நினைத்தவர்களும் உண்டு. ருஷ்யக் கவிஞர் அலெக்சாந்தர் பிளோக், 1918-ல், இவரை ரோம போல்ஷ்விக் என்றே எழுதினார். நான் ஒப்பமாட்டேன். இவர் சுல்லாவின் ஆள். சுல்லா எதிரிகளை வேட்டையாடிய காலத்தில் இவர் கையிலும் ரத்தம் பட்டது. அதோடு இன்னொன்று. செனட்டில் அன்று பதில் சொல்லும்போது என்ன சொன்னார் தெரியுமா? பழைய உயர்குடியில் பிறந்த நான் நாட்டைக் கெடுப்பேனா, ரோமில் வாடகைக்குக் குடியிருக்கிற சிசரோ அதைக் காப்பாற்றுவானா என்றார். சிசரோ ரோமில் பிறந்தவர் அல்ல. அர்ப்பீனும் என்கிற சிற்றூரிலிருந்து பிழைக்க வந்து படித்து முன்னுக்கு வந்தவர். குறிப்பேட்டைத் திருத்தினாய் என்ற தொர்க்குவாத்துஸும் அவரை அந்நியன் என்றுதான் திட்டினார். "நீ இந்த ஊர்க்காரனா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புண்ணானவர்கள் நாம். அந்தக் கேள்வியைக் கேட்டவனுக்கு நான் மாலை போடமாட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தும், பின்னால் வந்த ஏழைகளை அழுக்குத் தண்ணீர் என்றவருக்கும் போடமாட்டேன்.

மாலை போட வேண்டியவர்கள் வேறு. 62 தொடக்கத்தில், பிஸ்தோரியா என்ற இடத்தில் போர் நடந்தது. அந்தோனியுஸுக்குக் கால்வாதம், ஆகவே பெத்ரேயுஸ் படை நடத்தினார். காட்டிலினா படையில் நாலில் ஒருவனுக்குத்தான் சரியான ஆயுதம். மற்றவர்களிடம் வேட்டை ஈட்டி, கூராக்கிய கம்பு. நிலவறைச் செய்தி வந்ததும் கொள்ளைக்கு வந்தவர்களெல்லாம் நழுவிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் போவதற்கு இடமில்லாத விவசாயிகளும் பழைய சிப்பாய்களும். நின்ற இடத்திலேயே விழுந்தார்கள், காயமெல்லாம் மார்பில், ஒரு சுதந்திர மனிதன்கூட உயிரோடு பிடிபடவில்லை. காட்டிலினா தன் ஆட்களைவிட்டு வெகுதூரம் முன்னால், எதிரிகளின் பிணங்களுக்கு நடுவே கிடந்தார். இதை எழுதியதும் சல்லுஸ்ட்தான். அழுக்குத் தண்ணீர் என்று எழுதிய கைக்கு அந்த இடத்தில் வேறு சொல் கிடைக்கவில்லை.

அல்லோப்ரோகர் கதை என்ன ஆயிற்று? குடியரசைக் காப்பாற்றிய தூதர்களுக்குப் பரிசு கொடுத்து அனுப்பினார்கள். மனு கொண்டுவந்தார்களே, இனத்தின் கடன், அது தீரவில்லை. கி.மு. 61-ல் அவர்களே கலகம் செய்தார்கள். அடக்கப் போன ஆளுநர் யார்? அன்று முல்வியப் பாலத்தில் அவர்களைப் பிடித்த அதே பொம்ப்தீனுஸ். அடக்கினார். பின்னால் அதற்காக வெற்றி ஊர்வலமும் நடத்தினார்.

தம்பிக்குப் பதில்: சதி இருந்தது. கடிதம் இருந்தது, படை இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. எவ்வளவு பெரிது, எப்போது தொடங்கியது, யார் யார் உள்ளே, தீ வைக்கும் எண்ணம் இருந்ததா, இதெல்லாம் குற்றம் சாட்டியவர் வாய்ச்சொல். பரீட்சையில் வாத்தியார் சொன்னதையே எழுதுங்கள், மார்க் முக்கியம். ஆனால் யார் எழுதியது என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. கி.மு. 59-ல், காட்டிலினாவுக்கு எதிராகப் படையோடு போன அந்த அந்தோனியுஸுக்கே ஒரு வழக்கில் தண்டனை கிடைத்தது. செய்தி பரவியதும், சிலர் போய்க் காட்டிலினாவின் கல்லறையைப் பூவால் அலங்கரித்து, கூடி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்று ஆண்டு ஆகியும் மறக்கவில்லை. அவர்கள் யார், எந்தத் தெரு, எத்தனை பேர், யாரும் எழுதவில்லை. இந்த அளவாவது நமக்குத் தெரிவது, ஒரு வக்கீல் அந்த ஆண்டே தன் கட்சிக்காரருக்காக வாதாடும்போது, பாருங்கள் இந்த அக்கிரமத்தை என்று நடுவர்களிடம் எரிச்சலோடு சொன்னதால்தான். கட்சிக்காரர் பாலத்தில் மறைந்திருந்த ஃபிளாக்குஸ். வக்கீல் சிசரோ.